எப்ப வருது இந்தச் சத்தம்?

எண்பதுகளின் கடைசியில் சாணார்பட்டியில் வண்டி வருவதற்கு முன்னாலேயே அதன் வியாதி வந்து சேர்ந்துவிடும். கோபால்பட்டிப் பக்கமிருந்து ஜீப் ஒன்று கிளம்பினால் போதும், டீக்கடை பெஞ்சில் இருப்பவர்கள் தினத்தந்தியிலிருந்து தலையைத் தூக்காமலே சொல்லிவிடுவார்கள்: யார் வண்டி, லோடு இருக்கிறதா இல்லையா, அடுத்து எந்தச் சாமான் கழன்று விழப்போகிறது. “கமிஷன் கடைக்காரர் வண்டிப்பா. சைலன்சர் கிளாம்ப இன்னும் போடலை பாரு.” கொஞ்ச நேரத்தில் வண்டி வந்து நிற்கும். கிளாம்ப் இருக்காது. இதில் யாருக்கும் ஆச்சரியம் கிடையாது.

இன்று அதே நத்தம் ரோடு அகலமாகிவிட்டது. வண்டி வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. உள்ளே இருப்பவர் மட்டும் கண்ணாடியை ஏற்றி, ஏ.சி.யைப் போட்டு, பாட்டையும் நிறுத்திவிட்டு, டேஷ்போர்டுக்குள் எங்கேயாவது ‘கிரிக்’ என்று ஒரு சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு போகிறார். வந்துவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

எங்கள் வீட்டு ஜீப்பை அப்பா மூன்றாம் கையாக வாங்கியிருந்தார். சிறுமலை அடிவாரத் தோப்புகளில் பறித்த மாங்காயை நத்தத்துக் கமிஷன் கடைகளுக்குக் கொண்டுபோக. நாற்பதுகளின் கடைசியில் அமெரிக்காவின் வில்லிஸ் ஜீப்பை உதிரிகளாக பம்பாயில் இறக்கிப் பூட்ட ஆரம்பித்த மகிந்திரா, அதற்குப் பிறகு இன்ஜினை மாற்றியது, மூக்கை மாற்றியது; அடியில் ஓடும் எலும்புக்கூட்டை அவ்வளவாகத் தொடவில்லை. சண்டைக்கென்று செய்த வண்டி சண்டைச் சத்தம்தானே போடும் என்று நாங்களும் இருந்துவிட்டோம். அப்பா கியர் போடும்போது பேச்சை நிறுத்துவார், போட்டு முடித்ததும் விட்ட சொல்லிலிருந்து தொடர்வார். பின்னால் உட்கார்ந்திருக்கும் அம்மா எதற்கு ‘உம்’ கொட்டினார் என்பது அம்மாவுக்கே தெரியாது. அந்த ‘உம்’மை நம்பி அப்பா ஒரு கிணற்று மோட்டாருக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வந்தது தனிக்கதை.

சத்தம் இருப்பது அன்றைக்குக் கோளாறில் சேர்த்தி இல்லை. சத்தம் மாறினால்தான் கோளாறு. ஊளை போட்டுக்கொண்டிருந்த பின்னச்சு ஹவுசிங் ஒருநாள் ஊளையை நிறுத்திவிட்டால் அப்பாவின் முகம் வெளுத்துவிடும். இன்றைக்கு நிலைமை தலைகீழ். சத்தமே இருக்கக் கூடாது என்று காசு கொடுத்திருக்கிறோம். ஆகவே எந்தச் சத்தமும் குற்றம்.

எங்கள் ஊருக்கும் கோபால்பட்டிக்கும் நடுவில் புளியமரத்தடியில் மேஸ்திரியின் பட்டறை இருந்தது. பட்டறை என்றால் ஒரு தகரக் கொட்டகை, ஒரு ஜாக்கி, மரக்கிளையில் தொங்கும் சங்கிலி, தரையில் பல வண்டிகள் குடித்து மீந்த ஆயில். மேஸ்திரிக்கு அப்போது முப்பது வயதிருக்கும். வண்டியைக் கொண்டுபோய் விட்டதும் பானெட்டைத் தூக்க மாட்டார். பீடியைப் பற்றவைத்துக்கொண்டு கேட்க ஆரம்பிப்பார்.

“எப்பண்ணே வருது இந்தச் சத்தம்?”

“எப்பவும் வருதுய்யா.”

“எப்பவும் வராதுண்ணே. நிக்கும்போது வருதா?”

“நிக்கும்போது வரலை.”

“ஏத்தத்துலயா, எறக்கத்துலயா? லோடோடயா, சும்மாவா? ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்தா நிக்குதா, நிக்கலையா? காலையில மொதோ ஸ்டார்ட்டுல இருக்கா, சூடானதுக்கப்புறமா?”

“வண்டியப் பாருய்யான்னா என்னையப் போட்டு விசாரிக்கிறே” என்பார் அப்பா. ஆனால் அடுத்த தடவை வரும்போது எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்திருப்பார். அந்தக் கேள்விகள் மேஸ்திரிக்குப் பாதி வேலையை முடித்துவிடும் என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. காலையில் குளிர்ந்த இன்ஜினில் டொக்கு டொக்கு என்று அடித்து, சூடேறியதும் அடங்கினால் பிஸ்டன் சிலிண்டருக்குள் தளர்ந்து ஆடுகிறது. இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம். சூடேறிய பிறகு அடிக்க ஆரம்பித்தால் அது பெரிய பேரிங். உடனே நிறுத்த வேண்டும். கிளட்சை மிதித்தால் இரைகிறதென்றால் கிளட்ச் பேரிங். மிதித்தால் நின்று, நியூட்ரலில் காலை எடுத்தால் இரைந்தால் கியர் பாக்ஸ். கிளம்பும்போது அடியில் ஒரே ஒரு ‘டக்’ வந்தால் கிராஸ் தேய்ந்துவிட்டது. ஏற்றத்தில் இழுக்கும்போது ஊளை, இறக்கத்தில் கால் எடுத்ததும் ஊளை மாறினால் கிரௌனும் பினியனும்.

டீசல் இன்ஜினில் நான்கில் எந்த சிலிண்டர் அடிக்கிறது என்று பார்க்க ஸ்பேனரை எடுத்து ஒவ்வொரு இன்ஜெக்டர் பைப் நட்டையும் கால் திருகு தளர்த்துவார். டீசல் பீய்ச்சும், அந்த சிலிண்டர் செத்துப்போகும். சத்தமும் கூடவே செத்தால் ஆள் அகப்பட்டான். அகப்படாவிட்டால் நீளத் திருப்புளியின் முனையை இன்ஜினில் ஊன்றி, கைப்பிடியைக் காதோரம் எலும்பில் அழுத்திக்கொண்டு ஒவ்வோர் இடமாகக் கேட்டுக்கொண்டு வருவார். அப்போது அவர் வாய் திறந்திருக்கும். ஃபேன் அவர் சட்டைக்கு நான்கு விரல் தூரத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். பார்த்துக்கொண்டிருக்கும் நமக்குத்தான் வயிற்றைக் கலக்கும்.

ஒரு மாங்காய் சீசனுக்கு முன்னால் அப்பா வெளியூர்ப் பட்டறை ஒன்றில் வண்டிக்குக் கிரீஸ் அடித்துக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து 40 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் சீட்டுக்கு அடியில் ஓர் உதறல். தகரம் முழுக்க ‘ர்ர்ர்ர்’ என்று இரையும். டீக்கடை பெஞ்சு கூடியது. ஒருவர் டயர் என்றார். ஒருவர் இன்ஜின் மவுண்டிங் ரப்பர் என்றார். பெஞ்சில் மூத்தவர், “புதுக் கிரீஸ் அப்படித்தான் இருக்கும், ஓட ஓட செட் ஆகிரும்” என்று தீர்ப்புச் சொன்னார். ஓட ஓட செட் ஆகிவிடும் என்ற வாக்கியம் எங்கள் பக்கத்தில் கல்யாணம், வண்டி, பள்ளிக்கூடம் மூன்றுக்கும் பொது.

மேஸ்திரி வண்டியை எடுத்தார். என்னைப் பின்னால் தரையில் உட்காரச் சொன்னார். “தம்பி, உள்ளங்கைய தகரத்துல ஊனு. எங்க அதிகமா அடிக்குதுன்னு மட்டும் சொல்லு. யோசிச்சுச் சொல்லாத.” நத்தம் ரோட்டில் 45க்கு ஏற்றினார். உள்ளங்கை மரத்துப்போகிற அளவுக்கு நடுவில் அடித்தது. அந்த வேகத்திலேயே கியரைப் பிடுங்கி நியூட்ரலில் விட்டார். இன்ஜின் முனகலாகக் குறைந்தது. உதறல் குறையவில்லை. “இன்ஜின் இல்ல” என்றார். ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்துக் காட்டினார். ஸ்டியரிங் சும்மா இருந்தது. “சக்கரமும் இல்ல.” அப்பா பக்கத்தில் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். “நீ மொதல்ல கைய வையி” என்றார்.

பட்டறைக்குத் திரும்பியதும் சாக்கை விரித்து அடியில் படுத்தார். நானும் நுழைந்தேன். கியர் பாக்ஸிலிருந்து பின்னால் ஹவுசிங்குக்குப் போகும் ஷாஃப்ட்டில் கிரீஸும் புழுதியும் சேர்ந்து விரல் கனத்துக்கு அப்பியிருந்தது. பனியன் வேஸ்ட்டை மண்ணெண்ணெயில் நனைத்து, அவசரமே இல்லாமல் துடைத்தார். ஷாஃப்ட் ஒரே துண்டு இல்லை. ஒரு பாதிக்குள் மறுபாதி பல்லுப் பல்லாகச் சொருகியிருக்கும். ரோட்டில் பள்ளம் மேடு வரும்போது நீண்டு குறைய வேண்டுமே, அதற்காக. துடைக்கத் துடைக்க ஒரு பாதியில் சின்ன அம்புக்குறி ஒன்று தெரிந்தது. இன்னும் துடைத்தார். மறுபாதியிலும் ஓர் அம்புக்குறி. இரண்டும் நேர் நேராகப் பார்க்க வேண்டியவை. “பாத்தீங்களாண்ணே, ஒண்ணு கிழக்க பாக்குது, ஒண்ணு வடக்க பாக்குது” என்று அடியிலிருந்து குரல் கொடுத்தார். கிரீஸ் அடித்த புண்ணியவான் பல்லைக் கழற்றித் துடைத்துச் சுத்தமாகக் கிரீஸ் வைத்து, தோன்றிய இடத்தில் மறுபடி சொருகிவிட்டிருந்தார்.

ஷாஃப்ட்டின் முனையில் இருக்கும், கிராஸ் என்று பட்டறையில் சொல்லும் மூட்டுக்குப் புத்தகத்தில் 16ஆம் நூற்றாண்டு இத்தாலியரான கார்டானோவின் பெயரும் 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயரான ராபர்ட் ஹூக்கின் பெயரும் உண்டு. அதற்கு ஒரு பிறவிக் குணம்: சாய்வாக மடங்கிச் சுற்றும்போது ஒரே வேகத்தில் சுற்றாது. முன்னால் வரும் ஷாஃப்ட் சீராகச் சுற்றினாலும், மூட்டைத் தாண்டிய ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை முந்தும், இரண்டு தடவை பிந்தும். அதனால்தான் ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு மூட்டு. முதலாவது செய்த தப்பை இரண்டாவது அதே அளவுக்குத் திருப்பிச் செய்து சரிக்கட்டும். ஆனால் இரண்டும் ஒரே திசையில் நிற்க வேண்டும். பல் மாறிச் சொருகினால் தப்போடு தப்பு சேரும். சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் அந்த ஷாஃப்ட் நாலைந்து சுற்று சுற்றிவிடும். அதனால்தான் சக்கரத்து ஆட்டம்போல ஸ்டியரிங்கில் தெரியாமல், சீட்டிலும் தரையிலும் ரீங்காரமாக அடிக்கிறது. மேஸ்திரிக்கு ஹூக்கைத் தெரியாது. ஹூக்குக்கு நத்தம் ரோட்டைத் தெரியாது. அம்பை நேராக்கி மாட்டினார், உதறல் போய்விட்டது. “இதுக்கெல்லாம் கூலியாண்ணே” என்று சொல்லிவிட்டு, அப்பா கொடுத்ததை எண்ணிப் பார்க்காமல் வாங்கிச் சட்டைப்பைக்குள் போட்டார்.

அந்தக் காலத்தை இப்படியே சொல்லிக்கொண்டு போனால் பொற்காலம் ஆகிவிடும். அதே மேஸ்திரி திண்டுக்கல் டாக்ஸி ஸ்டாண்டு அம்பாசடர் ஒன்றுக்குப் ‘பெரிய பேரிங் போச்சு’ என்று இன்ஜினையே இறக்கி, சங்கிலியில் தொங்கவிட்டு, எல்லாவற்றையும் பிரித்துப் பரப்பிய பிறகு கிராங்க் புல்லியின் நட்டு தளர்ந்திருந்ததைக் கண்டுபிடித்தார். தளர்ந்த புல்லி பேரிங் மாதிரியே அடிக்கும். கேட்டு ஏமாறாத காது இல்லை. டாக்ஸிக்காரருக்கு ஒரு வாரப் பிழைப்பு போயிற்று. இறக்கியது இறக்கியதுதான் என்று புது ரிங்கும் போட்டுக் காசு வாங்கினார் மேஸ்திரி. ‘எதிலும் ஒரு நல்லது இருக்கும்’ என்றார். இன்றைக்கு இதையே ஏ.சி. அறையில் உட்கார்ந்து செய்கிறார்கள், வித்தியாசம் அவ்வளவுதான்.

பழைய வண்டி விற்பவர்களும் அப்போது காதைத்தான் குறிவைத்தார்கள். ஊளை போடும் ஹவுசிங்கில் வழக்கமான 90 நம்பர் ஆயிலை வடித்துவிட்டு 140 நம்பர் கெட்டி ஆயிலை ஊற்றினால் ஊளை கொஞ்ச நாளைக்கு அடங்கும். கூடவே மரத்தூளும் போடுவார்கள். தேய்ந்த பல்லுக்கு நடுவில் தூள் அடைத்துக்கொண்டு, வாங்குபவர் வீடு போய்ச் சேரும் வரை வண்டி பரம சாது. இது ஏதோ திண்டுக்கல் சாமர்த்தியம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ரோல்ட் டால் 1988இல் குழந்தைகளுக்காக எழுதிய ‘மட்டில்டா’ நாவலில், கதாநாயகிச் சிறுமியின் அப்பா பழைய கார் வியாபாரி. கியர் பாக்ஸில் மரத்தூளைக் கலப்பது எப்படி என்று வீட்டில் பெருமையடிக்கிறார். அது இங்கிலாந்து. மரத்தூளுக்கு எல்லை இல்லை போலும்.

வாங்குகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. அப்பா பழைய வண்டி பார்க்கப் போனால் முதலில் பானெட்டில் கையை வைப்பார். சூடாக இருந்தால் டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுவார். நாம் வருவதற்கு முன்னால் இன்ஜினைச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள் என்றால் குளிரில் கேட்கக் கூடாத சத்தம் ஒன்று உள்ளே இருக்கிறது. ‘பாட்டு கேளுங்கண்ணே’ என்று டேப் ரிக்கார்டரைப் போட்டால் இரண்டாவது டீ கூடக் கிடையாது.

இப்போது நான் வாங்கிய கதை. ஓய்வுபெற்ற கையோடு, இணையத்தில் பழைய கார் விற்கும் இடமொன்றில் பத்து வருஷப் பழசான மூன்று சிலிண்டர் சின்னக் கார் ஒன்றை வாங்கினேன். பானெட்டைத் தொட்டுப் பார்க்க வழியில்லை; வண்டி வேறு ஊரில், நான் போனில். பதிலுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார்கள். கண்ணாடித் துடைப்பான் முதல் கால்மிதி வரை வரிசையாகப் பச்சை டிக். ‘சத்தம், அதிர்வு: இயல்பு’ என்று ஒரு வரி, அதற்கும் பச்சை டிக். எந்த வேகத்தில், எந்த ரோட்டில், யார் காதுக்கு இயல்பு என்று போடவில்லை.

வண்டி வந்தது. திண்டுக்கல் தாண்டி நான்குவழிச் சாலையில் ஏறியதும் இரண்டு சங்கதி தெரிந்தது. 80ஐத் தொட்டால் ஸ்டியரிங் நடுங்குகிறது. அது போக 50க்கு மேல் பின்னாலிருந்து ஓர் இரைச்சல், வேகத்தோடு ஏறி வேகத்தோடு இறங்குகிறது. வண்டி நிற்கும்போது வரும் மெல்லிய நடுக்கத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை; மூன்று சிலிண்டருக்கு அது பிறவியிலேயே உண்டு.

கம்பெனி சர்வீஸ் மாதிரி நடத்துகிற ஒரு பெரிய ஒர்க் ஷாப்புக்குப் போனேன். காபி கொடுத்தார்கள். போன் நம்பரை இரண்டு தடவை கேட்டார்கள். இன்ஷூரன்ஸ் எப்போது முடிகிறது என்று கேட்டார்கள். ‘எப்ப வருது சத்தம்’ என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் செருகிய இளைஞர் கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்தார்.

“வண்டியில ஃபால்ட் எதுவும் இல்ல சார்.”

“சத்தம் இருக்கே தம்பி.”

“சிஸ்டத்துல காட்டலை சார்.”

ஸ்கேனரைக் குறை சொல்வதற்கில்லை. எதில் சென்சார் இருக்கிறதோ அதை அது சொல்லும். மேஸ்திரி டீசலில் குளித்து நட்டைத் தளர்த்திக் கண்டுபிடித்ததை, கிராங்க் எந்த இடத்தில் ஒரு நொடியின் துணுக்களவுக்குத் தயங்குகிறது என்று பார்த்தே, ‘இரண்டாம் சிலிண்டர் சரியாக எரியவில்லை’ என்று உட்கார்ந்த இடத்தில் சொல்லிவிடும். ஆனால் எங்கள் வண்டிச் சக்கர பேரிங்கின் கஷ்டத்தைக் கேட்க அங்கே சென்சார் இல்லை. கேட்காததெல்லாம் நலம் என்று அது எழுதிவிடுகிறது. அந்த எழுத்தை நம்பாமல் நான் நின்றதால், எஸ்டிமேட் ஒன்று வந்தது: நான்கு டயர், பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டு, இன்ஜின் மவுண்டிங், நான்கு சக்கரத்துக்கும் ஹப் அசெம்பிளி. “ஒண்ணொண்ணா மாத்திப் பாக்கலாம் சார். எதுலயாவது நின்னுரும்.” கூட்டிப் பார்த்தால் வண்டி விலையில் பாதியைத் தாண்டியது. மரத்தூள் மலிவு.

சத்தத்தோடு மனிதனுக்கு இருக்கும் உறவே இப்போது கொஞ்சம் குழம்பித்தான் கிடக்கிறது. 2011இல் வந்த பி.எம்.டபிள்யூ எம்5 காரில் உள்ளே அமைதி அதிகமாகிவிட்டதென்று, இன்ஜின் சத்தத்தை ஸ்பீக்கர் வழியாக உள்ளே ஒலிக்கவிட்டார்கள். ஐரோப்பாவில் 2021 ஜூலையிலிருந்து விற்கும் புது மின்சாரக் கார் எல்லாமே, மெதுவாகப் போகும்போது நடப்பவர் காதில் விழும்படி ஒரு சத்தம் போட்டாக வேண்டும் என்பது சட்டம். எங்கள் அப்பாவின் ஜீப் அந்தச் சட்டத்துக்கு முப்பது வருஷம் முன்கூட்டியே கீழ்ப்படிந்திருந்தது.

அக்கா மகன் கோயம்புத்தூரிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தான். கணினி வேலை. “மாமா, இதுக்குப் போய் ஏன் அலையுறீங்க” என்று போனில் ஓர் ஆப்பை இறக்கினான். போனைச் சீட்டுக்கு அடியில் தண்டவாளத்தில் டேப் போட்டு ஒட்டினான். நான் 80இல் ஓட்ட, திரையில் மலை மலையாகக் கோடு எழுந்தது. உயரமான மலை ஒன்று 14இல் நின்றது. நொடிக்கு 14 அதிர்வு. உடனே டயரின் பக்கவாட்டில் எழுதியிருந்த எண்ணைப் படித்துச் சுற்றளவைப் போட்டான்: சுமார் 1.6 மீட்டர். 80 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு 22 மீட்டர் போகிறது. வகுத்தால் சக்கரம் நொடிக்கு 14 சுற்று. “சக்கரம்தான் மாமா. பேலன்ஸ் போயிருக்கு.” எனக்குப் பெருமையாக இருந்தது, மேஸ்திரி வண்டியை நியூட்ரலில் விட்டுக் கையை எடுத்து ஐந்து நிமிஷத்தில் சொல்லியிருப்பார் என்பதை மட்டும் அவனிடம் சொல்லவில்லை.

பழைய நாளில் சாணார்பட்டிச் சக்கரங்களுக்கு பேலன்ஸ் இருந்ததா என்றால், இருக்கவில்லை, தேவையும் இருக்கவில்லை. சக்கரம் ஒரு பக்கம் கனத்திருந்தால் அது இழுக்கும் இழுப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்கு. எங்கள் சின்னக் காரில் ரிம் ஓரத்தில் 30 கிராம் கூடியிருந்தால், 80 கி.மீ. வேகத்தில் மூன்றரைக் கிலோ கனம் சக்கரத்தை நொடிக்கு 14 தடவை சுற்றிச் சுற்றி இழுக்கிற மாதிரி. 40இல் அது ஒரு கிலோவுக்கும் குறைவு. அந்த நாள் நத்தம் ரோட்டில் பெரும்பாலும் 40ஐத் தாண்டவிடாமல் பள்ளங்கள் பார்த்துக்கொண்டன. ரொம்பவும் ஆடினால் மேஸ்திரி முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிச் சுழற்றிவிடுவார். அது எங்கே வந்து நிற்கிறதோ அந்த அடிப்பக்கம் கனம். சாக்பீஸால் கோடு போட்டு, டயரை ரிம்மிலிருந்து பிரித்துப் பாதிச் சுற்று திருப்பி மாட்டுவார். முடிந்தது பேலன்ஸ். ரோட்டை நன்றாகப் போட்ட பிறகுதான் வண்டிகளின் வண்டவாளம் வெளியே வந்தது என்பது என் கட்சி.

திண்டுக்கல் டயர் கடையில் மிஷினில் மாட்டி ஈயம் அடித்தார்கள். 80இல் நடுக்கம் போயே போய்விட்டது. இரைச்சல் மட்டும் அப்படியே இருந்தது. மருமகன் மறுபடி போனை ஒட்டினான். திரை சமவெளியாகக் கிடந்தது. “இல்ல மாமா. கிராஃப்ல எதுவும் இல்ல. உங்களுக்கு அந்த ஜீப் சத்தம் காதுலயே தங்கிருச்சு.” அவனுடைய ஆப் நொடிக்கு 100 தடவைதான் அளக்கும், நொடிக்கு 50க்கு மேலே நடக்கிற அதிர்வை அதனால் உள்ளபடி காட்ட முடியாது. காதுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. இது அவனுக்கும் தெரியும். ஜெயித்த மிதப்பில் மறந்துவிட்டது.

கோபால்பட்டிப் பக்கம் பழைய பட்டறைக்குப் போனேன். மேஸ்திரிக்கு இப்போது எழுபது. தகரக் கொட்டகை போய் கான்கிரீட் கட்டடம். மகன் நடத்துகிறார், மகனிடமும் ஸ்கேனர் இருக்கிறது. மேஸ்திரி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காது கொஞ்சம் மந்தம். நான் சொல்லி முடிக்கும் முன்னே எழுந்து பின்சீட்டில் ஏறிக்கொண்டார்.

60க்குப் போகச் சொன்னார். “வண்டி எதுவும் வரலேல்ல? லேசா இடது பக்கம் அறுங்க.” இடது பக்கம் வளைத்தால் பாரம் வலது சக்கரங்களுக்குப் போகும். இரைச்சல் ஒரு கட்டை ஏறியது. வலது பக்கம் வளைத்தபோது இறங்கியது. “வலது பின்னாடி.” பட்டறையில் ஜாக்கியைப் போட்டு அந்தச் சக்கரத்தை மகன் கையால் சுழற்ற, மேஸ்திரி உள்ளே கையை விட்டுச் சுருள் ஸ்பிரிங்கின் மேல் இரண்டு விரலை வைத்தார். என் விரலையும் பிடித்து வைத்தார். கம்பிக்குள் மணல் உருள்வதை விரலால் தொடலாம். இடது பக்கத்து ஸ்பிரிங்கில் ஒன்றுமே இல்லை. மகன் பேரிங்கை மாற்றினார். கழற்றியதைக் கையில் வைத்துச் சுழற்றியபோது மருமகனுக்கே கேட்டது.

வண்டிக்கு வேறொரு சத்தமும் இருந்தது, பின்பக்கம் லொடலொட என்று. அதைக் கண்டுபிடிக்க ஆப்பும் வேண்டியிருக்கவில்லை, காதும் வேண்டியிருக்கவில்லை. ஸ்டெப்னி டயருக்கு அடியில் முந்தைய ஓனரின் திண்டுக்கல் பூட்டு ஒன்று சாவியில்லாமல் கிடந்தது. அறிக்கையில் அதற்கும் பச்சை டிக்தான்.

நான் உணர்ச்சிவசப்பட்டு, “அந்தக் காலத்துக் காது அண்ணே உங்களுக்கு. இந்த மிஷினுக்கெல்லாம் வருமா” என்று ஆரம்பித்தேன். மேஸ்திரி ரசிக்கவில்லை.

“என்ன தம்பி பேசுறீங்க. இந்த ஸ்கேனர் அன்னைக்கு என்கிட்ட இருந்திருந்தா எத்தனை இன்ஜினை வெட்டியா எறக்காம இருந்திருப்பேன். இடுப்பு போனதுதான் மிச்சம். அந்தப் பெரிய ஒர்க் ஷாப்புல அந்தப் பயலுக்கு மிஷின் இருக்கு, கேக்கத் தெரியலை. எனக்குக் கேக்கத் தெரிஞ்சுச்சு, மிஷின் இல்ல. என் மகனுக்கு ரெண்டும் இருக்கு. அவன் வேலை செய்யாம ரீல்ஸு பாக்கிறான்.” மகன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். மேஸ்திரி மருமகன் பக்கம் திரும்பினார். “தம்பி, அந்தப் போன் சமாச்சாரம் என் போன்ல ஏறுமா?”

ஏறியது. இலவசம் என்றதும் ஒரு சந்தேகத்தோடுதான் வாங்கிக்கொண்டார். அடுத்த மாதம் அந்தப் பக்கம் போனபோது வாசல் நாற்காலி காலியாக இருந்தது. மகன் அலுத்துக்கொண்டார். மிக்ஸி, சீலிங் ஃபேன், போர் மோட்டார் ஒன்றையும் விடுவதில்லையாம். எதன் மேலாவது போனை வைத்து நம்பர் படிக்காமல் தூங்குவதில்லையாம். “மாவு மில்லுலதான் இருப்பாரு, போய்க் கூட்டிட்டு வாங்கண்ணே.”

மில்லில் மோட்டாரின் மேல் போன் இருந்தது. மேஸ்திரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “தம்பி வாங்க. மோட்டார் நிமிஷத்துக்கு 1440 சுத்து. நொடிக்கு 24. பாருங்க, 24ல சின்னக் கோடுதான் இருக்கு, மோட்டார் நல்லாருக்கு. இங்கிட்டு ஒரு பெரிய கோடு இருக்கு பாத்தீங்களா? அது மில்லு ஷாஃப்ட்டு. புல்லி ஆடுது. ஒருநாள் பூராக் கழட்டினாச் சரி பண்ணிரலாம்.” மில்காரம்மா கையில் முறத்தோடு நின்றார். வாசலில் தூக்குவாளிகள் வரிசையாகக் காத்திருந்தன.

“அது எங்க மாமனார் காலத்துல இருந்தே அப்படித்தான் இரையுது மேஸ்திரி. மாவு நல்லாத்தான் விழுது. போன எடுத்துட்டுக் கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கம்பு போடணும்.”